எடைமேடையில் தொடங்கட்டும் நம் ஆன்ம சோதனை

இராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளின் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும் திருவிழாக் குழுவினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், பாம்பன் கரையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவன் எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

தவக்காலத்துக்காக நீங்கள் கூடிப் பேசும் நாட்கள் இவை. எந்த வெள்ளியில் எந்தத் தெருவின் அன்பியக் குழு சிலுவைப்பாதை நடத்துவது, தியானம் கொடுக்க யாரை அழைப்பது, நம் பாவ அறிக்கையான பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூரிலிருந்து எத்தனை குருக்கள் வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பட்டியல் அச்சகத்துக்குப் போகும் முன் இந்த மடலை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வயது 68. மீனும் கடல்பாசியும் வாங்குகிற கம்பெனிகளில் 31 வருடம் கணக்கு எழுதினேன். இறையியல் படித்தவன் இல்லை. கணக்கு தெரியும். கணக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பவர்களின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறோம். ஆன்ம சோதனைக்கான கேள்விகள், பத்துக் கட்டளைகளின் வரிசையில். ஞாயிறு திருப்பலிக்குத் தவறினேனா, பெற்றோரை மதித்தேனா, பொய் சொன்னேனா, புறணி பேசினேனா என்று போகும். நல்ல கேள்விகள்தான். ஏழாம் கட்டளைக்கு வரும்போது மட்டும் ‘திருடினேனா?’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்கு மனதுக்குள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு எட்டாம் கட்டளைக்குப் போனவன் நான். அடுத்தவன் வீட்டில் கை வைத்ததில்லை, கோவில் உண்டியலைத் தொட்டதில்லை. அதனால் கூசாமல் சொன்னேன். அந்தத் தாளில் தராசு என்ற சொல் ஒருமுறை இருந்திருந்தால் என் நாக்கு அங்கே நின்றிருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

பாசி எடுக்கும் பெண்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விடியும் முன் வள்ளத்தில் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முகத்தில் முங்கும் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிய துணி, காலில் செருப்புப்போலக் கட்டிய தகடு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி, சில நேரம் அதுவும் இல்லை. கரைக்கு வந்து மணலில் காயப்போட்டு, உதறி, சாக்கில் கட்டி எங்கள் கிட்டங்கிக்குக் கொண்டுவருவார்கள். உப்பில் ஊறிய அவர்கள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்த விரலால்தான் என் பேரேட்டில் ரேகை வைப்பார்கள்.

மூட்டையைத் தராசில் தூக்கி வைத்து எடையைச் சொல்லுவது என் வேலை. சாக்குக்கும் மண்ணுக்கும் சேர்த்து மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு என்பது கம்பெனி வைத்த வழக்கம். நான் மூன்று கிலோ கழித்தேன். பயத்தில்தான் தொடங்கினேன். மதுரைக்குச் சரக்கு போய்ச் சேரும்போது ஈரம் வற்றி எடை குறைந்தால் குறைவை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். முதல் மாதம் அப்படிப் பிடித்தார்கள். அடுத்த மாதம் முதல் கூடுதலாக இரண்டு கிலோ கழித்தேன். குறைவு நின்றது. பிறகு மிச்சமே வரத் தொடங்கியது. வருடக் கடைசியில் கணக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். பயம் எப்போதோ போய்விட்டது. கழிவு மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன். வீட்டுக் குடிலுக்கு மேலே தொங்கவிட நட்சத்திர விளக்கு வாங்கினேன். பாலன் இயேசுவுக்கு மேலே அது எரிந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு தவக்காலத்தில் இயேசு சபைக் குரு ஒருவர் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் கொடுத்தார். இரண்டாம் நாள் மாலை கரும்பலகையில் கோடு போட்டார். அவர்கள் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை அது. வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளுக்கு இரண்டு கோடு. திருத்த வேண்டிய குற்றம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மதியம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் உட்கார்ந்து, மணிக்கணக்கில் நாளைத் திரும்பிப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளியைக் கோட்டின்மேல் வைக்க வேண்டும். நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். நாள் போகப் போகக் கோட்டின் நீளமே குறைந்துகொண்டு வரும். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது பேரேடு. நானூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒரு புனிதர் ஆன்மாவுக்குப் பேரேடு எழுதச் சொல்லியிருக்கிறார். நான் முப்பத்தொரு வருடம் பாசிக்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

பொதுவான ஆன்ம சோதனையில் அவர் முதலில் வைத்தது நன்றியை. கடவுளிடமிருந்து பெற்றதற்கு நன்றி சொல்லிவிட்டு, தன்னை அறியும் அருளைக் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் குற்றத்தைத் தேடச் சொல்கிறார். வரவை எழுதாமல் செலவை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் உண்டு. அன்றிரவு அப்படித்தான் உட்கார்ந்தேன். எனக்கு வந்த வரவை எழுத ஆரம்பித்தேன். சம்பளம், வீடு, படித்த பிள்ளைகள் என்று வரிசையாக எழுதி வந்தவன், கிறிஸ்துமஸ் தொகை என்ற வரிக்கு வந்ததும் எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டேன்.

பழைய நோட்டுகள் பரணில் இருந்தன. ஒரே ஒரு பெண்ணின் பெயரை, ஒரே ஒரு வருடத்துக்கு எடுத்துக் கூட்டினேன். 46 மூட்டை. மூட்டைக்கு இரண்டு கிலோ. 92 கிலோ. ஒரு மூச்சுக்கு ஒரு பிடி என்றால் 92 கிலோ காய்ந்த பாசிக்கு அவள் எத்தனை முறை மூச்சைப் பிடித்திருப்பாள் என்று கணக்குப் போட முயன்றேன். அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

பணத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முங்கும் கண்ணாடியின் ரப்பர் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன். அவள் தையலை நிறுத்தவில்லை.

“எனக்கு அப்போதே தெரியும், கணக்குப்பிள்ளை அண்ணே. வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்கி வருவோம். உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.”

“தெரிந்தேதான் செய்தேன்” என்றேன்.

பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “யார் சொல்லி வந்தீர்கள்?” என்று கேட்டாள். அவள் நம் கோவிலுக்கு வருகிறவள் இல்லை. “எங்கள் சாமி” என்றேன். “அப்படியா” என்றாள். அவ்வளவுதான் பேசினோம். ஆனால் மனிதர்கள் உங்கள் நற்செயல்களைப் பார்த்து விண்ணகத் தந்தையைப் புகழ வேண்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னதை எத்தனையோ முறை வாசகமாகக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு ‘அப்படியா’ காதில் விழுந்த பிறகுதான் அதன் பொருள் எனக்குள் இறங்கியது. அதோடு இன்னொன்றும் இறங்கியது. எத்தனை வருடமாக என் தராசு அவளிடம் என் சாமியைப் பற்றி வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

கடவுளின் மாட்சிக்காக வாழ்வது என்பதை நம் கடற்கரை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பதைத் திருவிழாக் குழுவினரிடம் மனம் திறந்து பேச வேண்டும். நானும் குழுவில் இருந்தவன்தான். பக்கத்து ஊர்க் கொடிமரத்தைவிட நம்முடையது ஒரு முழமாவது உயரமாக இருக்க வேண்டும், அவர்கள் தேரில் எத்தனை விளக்கோ அதைவிட நூறு கூட வேண்டும் என்று நானும் பேசியிருக்கிறேன். தலைக்கட்டு வரி கொடுக்க முடியாத வீட்டின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் படகு சிறைபட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் இறைப்புகழுக்காக என்றுதான் நோட்டீசில் அச்சடித்தோம். திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடம் முழுவதும் உப்புத் தண்ணீரில் உழைக்கிற சனத்துக்கு அந்த ஒன்பது நாள் வெளிச்சமும் பாட்டும் வேண்டும். தேர் திரும்பும்போது என் கண்ணும் இன்றுவரை கலங்குகிறது. உண்டாலும் குடித்தாலும் எதைச் செய்தாலும் கடவுளின் மாட்சிக்காகச் செய்யுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அந்த ‘எதைச் செய்தாலும்’ என்பதில் எடை போடுவதும் பங்கு பிரிப்பதும் அடங்குமா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

ஆமோஸ் இறைவாக்கினர் எட்டாம் அதிகாரத்தில் ஒரு கூட்டத்தைக் காட்டுகிறார். அமாவாசைத் திருநாள் எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை விற்கலாமே, மரக்காலைச் சிறிதாக்கிக் கள்ளத்தராசால் ஏமாற்றலாமே என்று திருநாளிலேயே உட்கார்ந்து நினைக்கிறவர்கள். அவர்கள் கோவிலுக்கு வராதவர்கள் இல்லை. எல்லாத் திருநாளுக்கும் வந்தவர்கள். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருக்காதே என்று இணைச்சட்டம் சொல்வதும், கள்ளத்தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்வதும் நம் திருநூலில்தான் இருக்கின்றன. ஞாயிறு மறையுரையில் இவற்றை நான் கேட்ட நினைவில்லை. கேட்கவிடாமல் என் காதே அடைத்துக்கொண்டதோ என்னவோ.

நம் கடற்கரை விசுவாசத்தின் பழைய கதை ஒன்றையும் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வேதாளை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது தினமும் கடக்கிறோம். 1549இல் அங்கேதான் இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இத்தாலி நாட்டவர், வயது 29. விஜயநகரப் படை வந்தபோது தப்பிப் போகாமல் நின்று, பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது ஈட்டியால் குத்துண்டு இறந்தார். இதுவரை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். படை ஏன் வந்தது என்பதைச் சொல்வதில்லை. இராமேசுவரம் போகும் இந்து யாத்திரிகர்களை அங்கே மறித்து, வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தலைவர் வரி பிடுங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் பக்தியின் பாதையில் குழி வெட்டிக் காசு பார்த்தது ஞானஸ்நானம் பெற்ற கை. அந்தக் கையின் கணக்கைத் தீர்த்தது அந்த இளைய குருவின் இரத்தம். இரத்தசாட்சியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வரியின் தொகையை மறைத்தால் அது கள்ளப் பேரேடுதான். சவேரியார் நடந்த கரை, அருளானந்தர் 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த மண் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அவர்கள் எல்லாரும் அந்த ஆன்ம சோதனையில் பயின்றவர்கள். இறைவனின் அதிமிக மகிமைக்காக என்பது அவர்கள் சபையின் விருதுவாக்கு. ஆன்ம சோதனையும் இறைமகிமையும் ஒரே பள்ளியிலிருந்து நம் கரைக்கு வந்தவை. நாம் இரண்டாவதை மட்டும் எடுத்து வளைவில் எழுதி விளக்குப் போட்டுவிட்டோம்.

அடுத்து எழுதப்போவதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். என் சொந்தக்காரர்களே என்னோடு பேசாமல் போகலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

தவக்காலத்தை ஒட்டிக் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்து இராமேசுவரத்தில் படகேறுகிறோம். தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட் இல்லாமல் நாம் அங்கே போய் முழந்தாளிட முடிகிறதென்றால் அந்தத் திருவிழாவால்தான். அந்தப் பக்கமிருந்து நெடுந்தீவு, யாழ்ப்பாணம், மன்னார்க் கரைக்காரர்கள் வருகிறார்கள். அதே தமிழ், அதே சிலுவைப்பாதை, அதே அந்தோனியார். சில வருடங்களுக்கு முன் நானும் போனேன். சிலுவைப்பாதை முடிந்து மணலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது பக்கத்தில் நெடுந்தீவுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் பிட்டைக் கொடுத்தார், நான் புளிச்சோற்றைக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்கள் றோலர்ப் படகு வந்துபோன இரவு என் வலையில் மிச்சமிருந்தது மிதவைகள் மட்டும்தான். வலை வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு பிட்டை என் இலையில் வைத்தார்.

மறுநாள் காலைத் திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கச் சொன்னபோது அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த கை நடுங்கியது. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் உண்டானால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் என்கிறார்.

நமக்கும் அவர்கள்மேல், அவர்கள் அரசின்மேல் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நம் பிள்ளைகள் சுடப்பட்டார்கள், சிறையில் கிடந்தார்கள், படகுகள் அங்கே கரையில் கிடந்து மக்கின. ஒன்றும் பொய் இல்லை. அந்த நீதிக்காகப் போராடத்தான் வேண்டும், நானும் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பந்தலில் பேசுவதையே பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் பேச முடியாது. அங்கே நான் என் குற்றத்தை மட்டும்தான் சொல்ல முடியும். இழுவைமடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது குஞ்சையும் முட்டையையும் பாசியையும் சேர்த்துத்தான் வாருகிறது என்பதை நம் கரையில் தெரியாதவர் கிடையாது. 2017இல் இலங்கை அதைச் சட்டம் போட்டே தடுத்தது. அந்த வலை அறுப்பது அந்தக் கரைக்காரன் வலையை மட்டுமா? நம் ஊர் நாட்டுப்படகுக்காரனைக் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நாமே ஒத்துக்கொண்ட ஒழுங்கை எந்தக் கோவிலின் பிள்ளைகள் மீறினார்கள்? அந்தப் படகுகளின் கணக்கையும் நான் எழுதியிருக்கிறேன். டீசலுக்குப் பத்தி உண்டு, ஐஸுக்குப் பத்தி உண்டு. எந்தக் கடலில், யாருடைய வலையின்மேல் பிடித்த மீன் என்று எழுத ஒரு பத்தி இல்லை.

இந்த இடத்தில் பாசிப் பெண்களை மறுபடி நினைக்கிறேன். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் முங்குவது, மற்ற நாளில் பாறையைத் தொடுவதில்லை என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பிடுங்கிய பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்பதற்காக. அன்றன்றைய கூலியில் வாழ்கிறவர்கள் தாங்களாகவே தங்கள் கையைக் கட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய நோன்பு. அவர்களில் பலர் திருநீற்றுப் புதன் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள்.

படகுக்குச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் பலர் பங்குப்பேரவையில் இருக்கிறீர்கள். உங்களோடு ஒரு வார்த்தை. டீசல், ஐஸ், சாப்பாடு, தரகு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் தொழிலாளிக்குப் பங்கு. கழிவை எழுதுகிறவர் கையில்தான் அவன் வீட்டு அடுப்பு இருக்கிறது. வரிவிலக்கில் வாங்கிய டீசலை வெளிவிலைக்கு எழுதச் சொல்லி என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தேன். முன்பணம் கொடுத்துவிட்டு, அது தீரும்வரை வேறு படகில் ஏறக் கூடாது என்று ஆளைக் கட்டிப்போட்டதையும், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் மகன் தலையில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவர் காதில் விழுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். வயல் என்ற இடத்தில் கடல் என்று போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு பங்கின் கோவில் வளாகத்திலும், கடற்கரைப் பக்கம் திறந்த ஒரு கொட்டகையில், முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்றை வையுங்கள். மீனோ பாசியோ கருவாடோ நண்டோ எதுவானாலும், விற்கப் போகும் முன் யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாக நிறுத்துப் பார்க்கட்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்க வேண்டாம். நிறுத்த எடையை எழுதிக் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டு. பங்கின் பெயர் அதில் அச்சடித்திருந்தால் எந்தக் கம்பெனி ஆளும் மூட்டைக்கு மூன்று கிலோ கழிக்க இரண்டு தரம் யோசிப்பான். திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது. எடை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

ஆன்ம சோதனைத் தாளை இந்த வருடம் நம் கரையில் உட்கார்ந்து நாமே எழுதுவோம். பத்துக் கட்டளைகள் அப்படியே இருக்கட்டும். ஏழாம் கட்டளைக்குக் கீழே தராசு, கழிவு, பங்கு, முன்பணம், மடி என்ற சொற்கள் வரட்டும். அதை எழுதும்போது மீன் விற்கும் பெண்களையும் படகுத் தொழிலாளிகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என்னைப்போன்ற கணக்குப்பிள்ளைகள் மட்டும் எழுதினால் மறுபடியும் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். பெண்களில்லாத பேரவைகள் இன்னும் இருந்தால், அதையும் ஒரு கேள்வியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் வருமானம் இல்லாமல் தொழிலாளி வீட்டில் இருப்பான். அதற்கு முன்பே, முடிந்தால் புனித வாரத்துக்குள், சம்மாட்டியும் தொழிலாளியும் பங்குத்தந்தை முன்னிலையில் உட்கார்ந்து வருடக் கணக்கைத் திறந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ள ஒரு மாலையை ஒதுக்குங்கள். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஆண்டவர் முன்னால் எழுந்து நின்று சொன்னான். நான்கு மடங்கு கொடுக்க என்னிடம் இல்லை. எடுத்ததைக் கொடுக்கவே எனக்கு ஓய்வூதியத்தில் இரண்டு வருடம் ஆகிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெயர் பெயராகப் போய், தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவின் கை என் தலைக்கு மேல் உயர்ந்தது எதற்காக என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிவருகிறது.

கச்சத்தீவுக்குப் பெயர் கொடுக்கிறவர்களிடம், முக்கியமாக இழுவைமடிப் படகு வைத்திருப்பவர்களிடம், தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை மெழுகுவர்த்தியும் மாலையும் கொண்டுபோவதோடு, அந்தக் கரையிலிருந்து வந்த ஒருவரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் வலைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசாமல் கொஞ்ச நேரம் இருங்கள். நம் கதையைச் சொல்ல மறுநாளும் இருக்கிறது.

என் நோட்டில் மொத்தம் பதினொரு பெண்களின் பெயர் இருந்தது. ஏழு பேருக்குக் கொடுத்து முடித்துவிட்டேன். இருவர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன், ஒரு மகன் எதற்கென்று புரியாமல் கடைசிவரை வாங்க மறுத்து, பிறகு தாயின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். இன்னும் இருவர் பாக்கி. ஒருவர் தொண்டிப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன். மற்றவரைப் பற்றி இதுவரை துப்பு இல்லை. 1998 முதல் 2003 வரை எங்கள் கிட்டங்கிக்குப் பாசி கொண்டுவந்தவர், இடது கையில் சுண்டுவிரல் இல்லாதவர். உங்கள் பங்கில் யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தை வழியாக எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவருக்குச் சேர வேண்டியது 62 கிலோ.

இறை அன்பில்,
பாம்பன் கரையிலிருந்து உங்கள் சகோதரன்